ராம்ப் பார்க்க வந்தவர்

சென்னையை ஒட்டிய நூம்பலில் தன் வீட்டு போர்ட்டிகோவில் கலியமூர்த்தி இரண்டு ராம்ப் செய்து முடித்திருந்தார். காரின் முன்சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி நிறுத்தி, அடியில் படுத்து, இன்ஜின் ஆயிலைத் தானே மாற்றவேண்டும் என்பது ஆசை. கடையில் பிளாஸ்டிக்கில் விற்கிறார்கள்தான். அதை விரலால் சுண்டிப் பார்த்து, "குழந்தைங்க சறுக்கு விளையாடலாம்" என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டு வந்தவர் அவர். இரும்பு ஆங்கிள் வாங்கி, வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்து, மூன்று வாரம் பாடுபட்டார். ஒன்றை நகர்த்தவே இரண்டு ஆள் வேண்டும்.

மனைவி ஜெகதாம்பாள் எல்லாம் முடிந்த அன்று கார் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இதை யாருங்க செக் பண்ணது?"

"நான்தான்."

"செஞ்சது?"

"அதுவும் நான்தான். இதென்ன கேள்வி?"

"செஞ்சவனே பாஸ் போடக்கூடாதுன்னு முப்பது வருஷமா எங்கிட்டயே சொல்லிக்கிட்டு இருந்தீங்க. வேற ஆள் பாக்கட்டும். அப்புறம் அடியில படுங்க."

கலியமூர்த்தி ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்கிறவன் வேறு, பார்க்கிறவன் வேறு என்பது அங்கே சட்டம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்து, அவள் வைத்த ரசத்துக்கு உப்பு பார்க்கும் உத்தியோகத்தைத் தானே எடுத்துக்கொண்டவர்.

"யாரைக் கூப்பிடறது?"

"திருவேற்காட்டு லட்சுமணன் அண்ணன் இருக்காரே."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவருக்குப் பகீரென்றது. லட்சுமணன் அதே தொழிற்சாலையில் வெல்டர். கலியமூர்த்தி அதிகமாகத் திருப்பி அனுப்பியது அவருடைய வேலையைத்தான். ஒருமுறை ஊசிமுனைத் துளை ஒன்றுக்காக, அன்று முழுக்க அவர் போட்ட வெல்டிங் ஒட்டு எல்லாவற்றையும் எல்லார் எதிரிலும் வெட்டி எடுக்கச் சொன்னார். அதன் பிறகு இருவரும் வேலை விஷயம் தவிர வேறு பேசியதில்லை. பழி தீர்க்க அந்த மனுஷனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ஆனால் கலியமூர்த்தியின் உள்மனம் வேறு கணக்குப் போட்டது. இந்த வெல்டிங் நன்றாக இருக்கிறது என்று வேறு யார் சொன்னாலும் அவருக்குப் போதாது. லட்சுமணன் சொல்லவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை லட்சுமணன் வந்தார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஒட்டின் மேலும் கட்டைவிரலை ஓட்டினார். ஸ்பேனரால் தட்டிக் காது கொடுத்தார். அரைமணி நேரம் கலியமூர்த்தி கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

"வெல்டு நல்லாத்தான் கீது சார்."

கலியமூர்த்தியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வண்டிய ஏத்துங்க, பாப்போம்."

ஜெகதாம்பாள் சாவியைக் கொடுத்தாள். தினமும்போல அன்றும் விடியற்காலையில் அவள் போர்ட்டிகோவைக் கழுவியிருந்தாள். வழவழப்பான டைல்ஸில் ஈரம் காயவில்லை. கலியமூர்த்தி ஓட்டிய காரின் சக்கரம் தொட்டதுதான் தாமதம், வலது ராம்ப் வழுக்கிக்கொண்டு ஓடிச் சுவரில் மோதியது. சுண்ணாம்பு உதிர்ந்தது. கார் ஏறவே இல்லை.

"இன்னா சார், மிலிட்டரி டாங்கியே ஏறினாலும் தாங்கும். ஆனா தரைய பாக்காம உட்டுட்டியே. ரிஜெக்ட்டு."

அந்த வார்த்தையை ஆயிரம் தடவை சொன்னவர்தான் கலியமூர்த்தி. தனக்குச் சொல்லப்பட்டபோது முகம் செத்துப்போயிற்று. லட்சுமணன் கிளம்பிவிடுவார் என்று நினைத்தார். அவரோ படியில் சாவகாசமாக உட்கார்ந்து, "இப்ப காபி குடுமா" என்றார்.

ராம்ப் வழுக்காமலிருக்கப் போட, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பழைய ரப்பர் கன்வேயர் பெல்ட் கிடைக்கும் என்று சொன்னது அவர்தான். புதன்கிழமை இருவருமே போய் வாங்கி வந்தார்கள். ராம்ப் ஏறும் முனையில் பெல்ட்டின் ஒரு நுனியைப் போல்ட் போட்டு முறுக்கி, மிச்சத்தைத் தரையில் நீளமாக விரித்தார்கள். சக்கரம் முதலில் பெல்ட்டை மிதிக்கும். காரின் கனமே ராம்ப்பை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும். இந்தத் தடவை தரையைத் துடைத்துக் காயவிட்டார்கள். கார் ஏறியது, ராம்ப் இம்மி நகரவில்லை. ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகு, லட்சுமணன் தோளைக் கொடுத்துக் காரை முட்டி உலுக்கினார்.

"பாஸ்."

கலியமூர்த்தி ஸ்பேனரை எடுத்தார். லட்சுமணன் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"பாஸ் போட்டது நானு. நான்தான் மொதல்ல உள்ள போவணும்."

"அப்படி ஒரு சட்டமே கிடையாதேய்யா."

"உனக்கு கெடையாது சார். நீ கையெழுத்து போட்டுட்டு சீட்டுக்குப் போயிடுவே. அப்பால நீ பாஸ் பண்ணதுக்கு அடில பூந்து வேல செஞ்சவன் நானு."

சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் வெளியே தெரிந்தது.

கலியமூர்த்திக்குத் தான் போட்ட ஒட்டுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வலது ராம்ப்பின் மூன்றாவது ஒட்டு கோணலாகிவிட, அதன் மேலேயே இரண்டாம் முறை வெல்டு போட்டிருந்தார். தானே படுக்கப் போகிறோம் என்று மூன்று வாரம் நினைத்திருந்தபோது வராத பயம் இப்போது வந்தது.

"லட்சுமணா, வெளியே வா."

"ஆயில் நட்டு இன்னும் கழலல சார்."

"கழட்ட வேணாம். நீ மொதல்ல வெளியே வா."

அடியிலிருந்து சிரிப்பு கேட்டது. "இன்னா சார், உன் வேலய நீயே ரிஜெக்ட் பண்றியா?"

கலியமூர்த்தி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபக்கம் போய், தரையில் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே நுழைத்தார்.

"ரெண்டு பேருக்கு எடம் பத்தாது சார்."

"பரவாயில்ல, கொஞ்சம் நகருய்யா" என்றார்.