ஒரு உடம்பும் இரண்டு வாத்தியாரும்

வகுப்பில் தூங்கிவிட்டாள் என்று கல்யாணசுந்தரி டீச்சர் நவமணியை வெயிலில் நிறுத்தியிருந்தார். சித்திரை மாதத்து ஈப்போ வெயில். தலைக்குள் கொதித்தது. நவமணிக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. டீச்சர்மேல், ஓட்டம் பழக்குகிற பத்துமலை மாஸ்டர்மேல், மூன்று வேளையும் தின்கிற மரவள்ளிக்கிழங்கின்மேல்.

ஜப்பான்காரன் வந்து நாட்டைப் பிடித்த மூன்றாம் வருஷம் அது. அவள் இருந்த தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோய், ரப்பர் மரங்களைச் சாய்த்துக் கிழங்கு நட்டிருந்தார்கள். அப்பாவைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. தோட்டத்துக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் அம்மா வீரம்மாவும் இரண்டு தங்கைகளும். இவள் மட்டும் விடிகிறதற்குள் எழுந்து ஈப்போவுக்கு நடப்பாள். முன்னே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது ஜப்பான் பாஷைதான் பாடம். அந்தப் பரீட்சையில் தேறினால் ரயில் ஸ்டேஷனில் டெலிபோன் எடுக்கும் வேலை கிடைக்கும், வேலையோடு அரிசியும் கிடைக்கும். அரிசிக்காகத்தான் அவள் படித்தாள். அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.

ஓட்டம் தானாக வந்து சேர்ந்தது. ஒரு நாள் மழைக்கு ஒதுங்க மைதானத்தைக் குறுக்கே ஓடினாள். பத்துமலை மாஸ்டர் பார்த்துவிட்டார். அன்று பிடித்ததுதான். ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்தநாள் பந்தயத்துக்கு நீதான் என்றார். பழகுவதற்கு அவர் எடுத்துக்கொண்டது கடைசி மணி நேரம், கல்யாணசுந்தரி டீச்சரின் பாட நேரம். பாடத்துக்குப் போனால் மாஸ்டர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். ஓடப் போனால் டீச்சர் மறுநாள் எழுந்து நிற்கச் சொல்லி, முந்தினநாள் நடத்தியதிலேயே கேள்வி கேட்பார்.

வீட்டில் இன்னொரு பாட்டு. "ஓடுனா பசிக்கும்லா. பசிச்சா நான் எங்க போவேன்?" என்பாள் வீரம்மா. அது நியாயமான கேள்விதான். அதனாலேயே நவமணிக்கு இன்னும் கோபம் வரும்.

வெயிலில் நின்றவளை மாஸ்டர் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

"என்ன டீச்சர் இது? பந்தயம் பக்கத்துல வந்திருச்சு. இவள இப்படிக் காயவச்சா எப்படி ஓடுவா?"

"பரீட்சையும் பக்கத்துலதான் இருக்கு மாஸ்டர். நீங்க ஓடவிட்டு அனுப்புறீங்க, இங்க வந்து தூங்குறா. பிள்ளைங்க தேறலன்னா பதில் சொல்றது நான்."

"போன வருஷம் தோத்ததுக்கு எல்லாப் பிள்ளைங்க முன்னாலயும் ஜப்பான்காரன்கிட்ட அறை வாங்குனது நான்."

 பேச்சு அதோடும் நிற்கவில்லை. அவள் தலைக்கு மேலாகவே இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். சந்தையில் ஆட்டுக்கு விலை பேசுகிறவர்கள்கூட நடுவில் ஒருதரம் ஆட்டைப் பார்ப்பார்கள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள் நவமணி.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. சொன்னது சொன்னதுதான் என்று மேலே போனாள். "எனக்கு இருக்கிறது ஒரு உடம்பு. காலையில தைசோன்னு எல்லாரும் கையக் கால ஆட்டுறோம்ல, அந்த நேரத்துல நான் ஓடுறேன். கடைசி மணி பாடத்துக்கு வாரேன். மத்தியானம் எல்லாரும் கிழங்கு தின்னுட்டு விளையாடுறப்ப என்னைத் தூங்க விடுங்க. ரெண்டும் பண்றேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தைசோவ நிறுத்துறதுன்னா பெரியவர்கிட்ட கேக்கணும்," என்று மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். பெரியவர் என்றால் ஜப்பான்காரத் தலைமையாசிரியர்.

"கேளுங்க."

"நீங்க கேளுங்க டீச்சர். பாஷை தெரிஞ்சவங்க."

"உங்க ஓட்டத்துக்கு நான் எதுக்குக் கேக்கணும்?"

நவமணி பெருமூச்சு விட்டாள். நேரே ஆபீஸ் அறைக்கு நடந்தாள். வாசலில் குனிந்து வணங்கினாள். வருகிற வழியில் மனசுக்குள் அடுக்கிய வாக்கியத்தை ஜப்பான் பாஷையில் சொன்னாள்: காலையில் ஓட அனுமதி வேண்டும், மாலையில் படிக்க வேண்டும். 

 தலைமையாசிரியர் வினைச்சொல்லைத் திருத்தினார், மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னாள். இன்னொரு தரம் என்றார். மூன்றாம் முறை தலையை அசைத்து, காலையில் சக்கரவர்த்தி இருக்கும் திசையென்று கிழக்கே பார்த்து வணங்குவதை மட்டும் விடக்கூடாது, அதற்குப் பிறகு ஓடலாம் என்றார்.

வெளியே வந்தபோது வாத்தியார் இருவரும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். "என்ன சொன்னாரு?" என்று ஒரே நேரத்தில் கேட்டார்கள். அந்த ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனார்களே என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு எல்லாம் இனித்ததென்று சொல்ல முடியாது. வெறும் வயிற்றில் ஓடினாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அதற்கப்புறம் டீச்சர் எங்கிருந்தோ அவித்த பச்சைப்பயறு கொண்டுவர ஆரம்பித்தார்; கொடுக்கும்போதும் சிரிக்கமாட்டார். மத்தியானத் தூக்கத்தில் யாரும் எழுப்பாதபடி மாஸ்டரே மரத்தடியில் காவல் நின்றார். கடைசி மணியில் அவளுக்குக் கண் சொருகவில்லை. எழுத்துகள் மெல்ல மெல்லத் தலைக்குள் தங்கின.

பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். தைப்பிங் ஊரிலிருந்து வந்த பெண் ஒருத்தி கடைசி வளைவில் முந்திவிட்டாள். முதல் பரிசு ஒரு மூட்டை அரிசி. இரண்டாம் பரிசு காகித விசிறி. விசிறியைப் பார்த்து வீரம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அதைவிட ஏதாவது திட்டியிருக்கலாம். மாஸ்டருக்கு இந்தத் தடவை அறை விழவில்லை. அது அவருக்குப் போதுமாக இருந்தது.

பரீட்சை முடிவு வந்தபோது தேறியவர்களில் நடுவாந்திரமாக நவமணி இருந்தாள். ஸ்டேஷனில் எடுத்துக்கொண்டார்கள். முதல் மாதத்து அரிசியில் பாதி புழுவாக இருந்தது. வீரம்மா அதை முறத்தில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பொறுக்கியெறிந்துவிட்டு உலை வைத்தாள். தங்கைகள் இருவரும் சட்டியைவிட்டு நகரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்துமலை மாஸ்டர் தோட்டத்துக்கே வந்துவிட்டார். அடுத்த பந்தயம் தைப்பிங்கில், அந்தப் பெண்ணை விடக்கூடாது என்றார்.

"வேலை இருக்கு மாஸ்டர்."

"விடியக்காலம் ஓடிட்டு வேலைக்குப் போலாம்லா."

நவமணி அம்மாவைப் பார்த்தாள். வீரம்மா சோற்றைக் கிளறிக்கொண்டே, "ஓடுறதுன்னா ஓடு. ஆனா சாப்பிட்டுட்டு ஓடு," என்றாள்.