பின்னால் மட்டும் போகும் லாரி

"காலு எந்தப் பக்கம் வரணும்?" பாடையைத் தோளில் சுமந்தபடியே வைத்திலிங்கம் கத்தினார்.

"போற பக்கம்," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"இது எந்தப் பக்கம் போவும்?"

"பின்னாலதான் மாமா," என்றான் கலியமூர்த்தி.

யுத்தத்தில் ஓடிய மிலிட்டரி லாரி அது. எவனோ ஒரு கான்ட்ராக்டர் முந்திரித்தோப்பில் போட்டுவிட்டுப் போனது. பதினேழு வயது கலியமூர்த்தி ஒரு வருஷமாக அதை நோண்டினான். ஒரே ஸ்பேனர், ஒரு கடப்பாரை. சுத்தியலுக்கு அம்மாவின் அம்மிக்குழவி. அந்த வருஷம் முழுக்க வீட்டுக் குழம்பில் கிரீஸ் வாடை. கியர்பாக்ஸை மூடிய பிறகு ஒரு பல்சக்கரம் மிஞ்சியது. அம்மா வீராயி அதைச் சோற்றுப்பானைக்குப் பிரிமணை ஆக்கிக்கொண்டாள். லாரி ஓடியது, ரிவர்ஸில் மட்டும்.

அப்பா சாமிக்கண்ணு சிரித்துச் சிரித்து இருமுவார். "முன்னால ஒரு அடி ஓட்டிக் காட்டுடா. அப்பறம் ஏறுறேன்."

ஏறவேயில்லை. நேற்று நிலக்கரி மைன்ஸில் ஷிப்டு முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பழைய சுடுகாடு மைன்ஸ் பள்ளத்துக்குள் போய்விட்டது. புதுச் சுடுகாடு ஊரைத் தாண்டி வெகுதூரம். அதற்காக இந்த லாரியா என்றார் வைத்திலிங்கம். "ஊரு சிரிக்குமே தங்கச்சி."

"அவுரே சிரிச்சிக்கினுதான இருந்தாரு. ஏத்துண்ணே," என்றாள் வீராயி.

பறையடிப்பவர்கள் பழக்கத்தில் லாரியின் மூக்குக்கு முன்னால் நின்று அடித்தார்கள். லாரி அவர்களை விட்டுவிட்டுப் பின்னால் கிளம்பியது. பறையோடு ஓடிச் சுற்றி வந்தார்கள். வைத்திலிங்கம் பாடைக்குப் பக்கத்தில் நின்று, "வா, வா... ஒடி, ஒடி! மாடுடா!" என்று வழி சொன்னார். பாதி வழியில் பாடையைத் திருப்ப வேண்டும் என்று ஒருவர் முறையை ஞாபகப்படுத்தினார். "லாரியே திரும்பித்தான் போவுது, வுடு," என்றார் இன்னொருவர்.

கொள்ளி வைத்தாயிற்று. "திரும்பிப் பாக்காம வரணும், தெரியுதா?" என்ற வைத்திலிங்கம்தான் முதல் ஆளாக லாரியில் ஏறினார்.

கலியமூர்த்தி பொட்டலில் ஒரு வட்டம் அடித்து லாரியின் பின்பக்கத்தை ஊருக்கு நேராகக் கொண்டுவந்தான். அப்போதுதான் மாமாவுக்கு உறைத்தது. லாரியின் முகம் சுடுகாட்டைப் பார்த்து நின்றது.

"டேய், முன்னால பாக்காத! என்னப் பாத்து ஓட்டு!"

"சரி மாமா."

கழுத்தை ஒடித்து ஊரைப் பார்த்தபடியே ஓட்டினான். தோப்பு தாண்டியதும் மாமா லாரிப் பலகையைத் தட்டினார்.

"ரோடு நேராத்தான் கெடக்குது. நா சொல்லிக்கினு வரேன். நீ முன்னால பாத்துக்க."

கலியமூர்த்தி கழுத்தை நேராக்கினான். முன்கண்ணாடி முழுக்கச் சுடுகாட்டுப் புகை.

"வா... வா... நேரா வா..."

புகை சிறுத்துக்கொண்டே போனது. சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தான். அழுக்கு வெளிப்பக்கம் இருந்தது.