மூலையில் நாலு கட்டங்கள்

தம்போய் ஊரில் இருந்த பொறியியல் அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு, வேறொரு வேலைக்காகப் பழைய கோப்பைத் திறந்த ஷர்மினிக்குத் திக்கென்றது.

இரும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணினி கணக்குப் போடுவதற்காக, அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து விரிக்கும் வலைதான் மெஷ். வளைவிலும் மூலையிலும் கட்டங்கள் பொடிப்பொடியாக இருக்கவேண்டும். இங்கே, கிரேன் செயின் மாட்டும் தூக்கு வளையத்தை ஓர் இரும்புத் தொட்டியோடு பற்றவைத்திருந்த மூலையில் நாலே நாலு பெரிய கட்டங்கள். அழுத்தம் ஏறும் இடமே கணக்கில் அமுங்கிப்போயிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் அந்த மெஷ்ஷைப் போட்டவள் அவள்தான். சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டவளும் அவளே.

அந்தப் பதினெட்டு டன் தொட்டியைக் கோத்தா திங்கி செம்பனை எண்ணெய் ஆலையில் இன்று பத்தரைக்குக் கிரேன் தூக்கப்போகிறது.

மெஷ்ஷைத் திருத்திக் கணக்கை மறுபடி ஓடவிட்டாள். முடிய ஐம்பது நிமிடம் என்று காட்டியது. மேலாளர் ஹேமநாதனின் அறைக்கு ஓடினாள்.

"சார், தூக்குறத நிறுத்தணும். மெஷ்ல நான் தப்பு பண்ணிட்டேன்."

"தூக்கினா உடையுமா?"

"தெரியல சார். ரன் முடிஞ்சாதான் தெரியும்."

"அலமாக், என்ன இது! தெரியாமலே எப்படி நிறுத்தச் சொல்றது? இன்னிக்கு விட்டா கிரேன் அடுத்த வாரம்தான். முடியட்டும், பாத்துட்டுப் பேசலாம்."

"அதுக்குள்ள தொட்டி மேல போயிடும் சார்."

ஷர்மினி அங்கேயே நின்று, ஆலையில் இருந்த மேற்பார்வையாளர் ரபேலுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். மூன்றாம் முறை இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

"சொல்லுங்க மிஸ். செயின் மாட்டியாச்சு, தூக்கப் போறோம்."

"தூக்காதீங்க! கிட்டக்க ஆளுங்க இருக்காங்களா?"

"தொட்டி ஆடாம இருக்க ரெண்டு பேரு கயிறு புடிச்சிட்டு நிக்கிறாங்க."

"தள்ளி வரச் சொல்லுங்க. என் கணக்கு தப்பு ரபேல். யாரு கேட்டாலும் என் பேரச் சொல்லுங்க."

ரபேல் கிரேன்காரரிடம் நிறுத்தச் சொல்லி மலாயில் கத்துவது கேட்டது: "பெர்ஹெந்தி! பெர்ஹெந்தி!"

தன் மேசைக்குத் திரும்பினாள். அதன்பின் காத்திருப்புதான். ஆலையிலிருந்து ஹேமநாதனுக்கு இரண்டு முறை போன் வந்தது. அவர் எடுக்காமல் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். கணக்கு தப்பில்லை என்று வந்துவிட்டால் வேலை போகும் என்று ஷர்மினிக்குத் தெரியும். ஆனாலும் அப்படியே வரட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டாள்.

பதினொன்றாக ஐந்து நிமிடம் இருக்கையில் முடிவு வந்தது. மூலை முழுக்கச் சிவப்பு. அழுத்தம், இரும்பு தாங்கும் அளவைப்போல ஒன்றரை மடங்கு.

ஹேமநாதன் தாமே ஆலைக்குப் போன் போட்டு, "எங்க தப்புதான்" என்று தொடங்கினார்.

ஷர்மினிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. புதிய வளையம் வைத்து ஆறு நாள் கழித்துத் தொட்டியைத் தூக்கியபோது அவளும் போய் வெயிலில் நின்றாள். தொட்டி பீடத்தில் உட்கார்ந்ததும், கயிறு பிடித்த இருவரில் ஒருவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அருகில் வந்தார்.

"சாப்டீங்களா மிஸ்? வாங்க, கேன்டீன் பக்கம் போலாம்."