அட்டையில் ஒட்டாத எழுத்து

பிரிண்டர் முனகியது. அந்தச் சத்தத்தில்தான் அவள் கை அப்படியே நின்றது.

தடித்த அட்டை உள்ளே போனால் அது எப்போதும் அப்படித்தான். உருளை சூடேறும் வரை சும்மா சுழலும். பிறகு, வலுக்கட்டாயமாக வேலைக்கு அனுப்பப்பட்டவனைப் போல, அட்டையை மெல்ல இழுத்து, மெல்லச் சுட்டு, பின்கதவு வழியாக வெளியே தள்ளும். அடுத்த அட்டைக்கு முன்னால் இன்னொரு பெருமூச்சு விடும். ஏதோ ஓர் அலுவலகத்துக் கதவுகளில் மாட்டுவதற்கான பெயர் அட்டைகள். கணினியில் 'தடித்த தாள்' என்று தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாக முன்பக்க வாயில் செருகிக்கொண்டிருந்தாள். மூன்றாவதைச் செருகப் போனவள் அதைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

நேற்று மாமனாரின் அட்டை அச்சானபோது இந்த முனகல் கேட்கவில்லை.

வீட்டின் முன்னறையில் ஒரு மேசையும் கணினியும் இந்தச் சின்ன லேசர் பிரிண்டரும்தான் அவளுடைய தொழில். தெருவில் அவளுக்குப் பிரிண்டரம்மா என்றே பெயர். கணவன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போன பிறகு, பகலெல்லாம் வீட்டில் அவளும் அவரும்தான். அவள் அச்சடிப்பாள், அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். பேசாமலே ஒரு பகல் கழியும். அந்த மௌனம் அவளுக்குப் பழகிப்போனது மட்டுமல்ல, பிடித்தும் போயிருந்தது.

போன மாதம் காய்ச்சலுக்காகத் தெருமுனை டாக்டர் ஓர் ஊசி போட்டார். வீட்டுக்குத் திரும்பி வருவதற்குள் மாமாவின் உதடு தடித்தது, கண்கள் வீங்கி மூடிக்கொண்டன, நெஞ்சுக்குள் விசில் போல ஒரு சத்தம் கிளம்பியது. திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் வேறு ஏதோ மருந்தேற்றி ஆளை மீட்டார். அதற்குப் பிறகு அவளைத் தனியாக அழைத்து, "பென்சிலின் இவருக்கு ஆகாதும்மா. இன்னொரு தடவை போட்டா, எங்கிட்ட தூக்கிட்டு வர்றதுக்குக்கூட நேரமிருக்காது. எங்க போனாலும் முதல்ல இதைச் சொல்லிடுங்க" என்றார்.

அதைக் கணவனின் தம்பியிடம் மட்டும் அவர்கள் சொல்லவில்லை. சின்னவன் வேறு இடத்தில் இருந்தான். தெரிந்தால், "அப்பாவை ஒழுங்காப் பாத்துக்கத் தெரியல" என்று ஆரம்பிப்பான். ஒரு மாதத்துக்கு ஓயமாட்டான். "அவன் காதுல போட்டுடாதே" என்று கணவன் சொன்னான். அவளும் போடவில்லை.

நேற்று மாலை அந்தச் சின்னவன்தான் திடுதிப்பென்று வந்து நின்றான். மாமாவின் கால் பெருவிரலில் நகம் உள்ளே வளர்ந்து சீழ் பிடித்திருந்தது. "அண்ணன் வர்ற வரைக்கும் இதை ஊறப்போட்டு வைப்பீங்களா அண்ணி? நாளைக்குக் காலையில நானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க உங்க கடையைப் பாருங்க" என்றான். அவள் தொழிலைக் கடை என்று சொல்வது அவனுக்கு ஒரு விளையாட்டு.

சொல்லிவிடலாம் என்று அவளுக்கு வாய் வரை வந்தது. அதற்குப் பதிலாக எழுந்து போய் ஓர் அட்டை தயாரித்தாள். மேலே பெயர், வயது, தன் போன் நம்பர். நடுவில், 'ஒத்துக்கொள்ளாத மருந்து'. அதற்குக் கீழே, யார் கண்ணுக்கும் தப்பாதபடி, இருப்பதிலேயே பெரிய தடித்த எழுத்தில் 'பென்சிலின்'. மெல்லிய தாள் இரண்டு நாளில் கசங்கிவிடும் என்று, இருப்பதிலேயே கனமான அட்டையை எடுத்தாள். கீழ்த் தட்டில் வைத்து அனுப்பினாள். வளைந்து திரும்ப முடியாமல் உள்ளே சிக்கிக்கொண்டது. அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போய்விட்டது. சின்னவன், ராத்திரி போய்விட்டுக் காலையில் வருவதற்காக, வாசலில் நின்று சாவியை ஆட்டிக்கொண்டிருந்தான். சரியென்று பின்கதவைத் திறந்துவிட்டு, முன்பக்க வாயில் அட்டையைச் செருகி, செல்போனிலிருந்தே அனுப்பினாள். சர்ரென்று வந்து விழுந்தது. வளையவில்லை, கோடு விழவில்லை. இன்னொன்றும் அடித்து மேசையில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி, நாளைக்கு மாமா சட்டைப் பையில இந்தக் கார்டு இருக்கும். ஆஸ்பத்திரியில கேட்டா இதைக் காட்டுங்க. எல்லாம் இதுல இருக்கு."

"அடேயப்பா, அப்பாவுக்கு விசிட்டிங் கார்டா!" என்று சிரித்தான் அவன்.

இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போனிலிருந்து அனுப்பும்போது தாள் தடிப்பா மெலிதா என்று சொல்ல இடமே கிடையாது. பிரிண்டர் அதைச் சாதாரணத் தாளென்று எண்ணி, சாதாரண வேகத்தில், சாதாரணச் சூட்டில் ஓட்டியிருக்கும். அட்டையின் கனம் அந்தச் சூட்டையெல்லாம் குடித்துவிடும். டோனர் என்பது மையல்ல, பொடி. உருகினால்தான் பிடிக்கும். உருகாவிட்டால் எழுத்தைப் போல மேலே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

மேசையில் கிடந்த இன்னொரு அட்டையை எடுத்தாள். பார்ப்பதற்கு ஒரு குறையுமில்லை. நகத்தால் லேசாகச் சுரண்டினாள். பெயரும் போன் நம்பரும் அசையவில்லை. மெல்லிய எழுத்துகளுக்கு அந்தச் சூடே போதுமாயிருந்திருக்கிறது. நடுவிலிருந்த பெரிய எழுத்துதான் கறுப்புச் செதிலாகப் பெயர்ந்து அவள் மடியில் உதிர்ந்தது.

காலையில் அவர்கள் கிளம்பிப் போய் வெகுநேரமாகிவிட்டது.

சின்னவனுக்குப் போன் போட்டாள். வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தான். மறுபடியும் போட்டாள். அப்போதும் பேசிக்கொண்டிருந்தான். அவன் வாழ்க்கையில் பாதி அந்தப் போனில்தான் போகிறது என்று கணவன் கேலி செய்வதுண்டு. 'பென்சிலின் ஊசி போடக் கூடாது' என்று செய்தி அனுப்பினாள், அவன் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி நம்பரில் ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று சொல்லிவிட்டு இசை போட்டது. இசை ஓடிக்கொண்டே இருந்தது. பிரிண்டரை அணைக்கவில்லை, கதவைப் பூட்டினோமா என்றுகூடத் தெரியவில்லை, தெருவில் ஓடினாள்.

டாக்சிக்காரர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "என்னம்மா, பிளேன் பிடிக்கணுமா?"

"ஆஸ்பத்திரிக்குங்க."

வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன, நின்றன. போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு சிக்னலில், நடைபாதையில் ஒருவர் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். உலகத்தில் இப்படியும் ஒரு நேரம் யாருக்கோ வாய்த்திருக்கிறதே என்று நினைத்தாள். மாமாவின் நெஞ்சுக்குள் கேட்ட அந்த விசில் அவள் காதிலேயே ஒலித்தது. அவரால் கத்த முடியாது. ஒரு சொல்கூடச் சொல்ல முடியாது. அவருடைய வாயாக அவள் அனுப்பி வைத்தது அந்த அட்டையைத்தான்.

ஆஸ்பத்திரியில் யாரையோ கேட்டு, யாரையோ இடித்துத் தள்ளி, சிறிய அறுவைகள் செய்யும் அறையின் கதவைத் தள்ளினாள்.

மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். சின்னவன் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையால் அவர் தோளை அழுத்திப் பிடித்திருந்தான். "அப்பா, சின்னப் புள்ள மாதிரி பண்ணாதீங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." நர்ஸ் ஊசியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தாள். மாமாவின் மேற்கையில் ஒரு பஞ்சு ஒட்டியிருந்தது.

"போடாதீங்க! பென்சிலினா அது? போட்டுட்டீங்களா?"

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. நர்ஸ் திரும்பினாள்.

"இன்னும் போடலம்மா. எங்க போட விடுறாரு? துடைக்கப் போனா தட்டி விடுறாரு. ஒரு ஊசி கீழ விழுந்து வீணாப் போச்சு, இது ரெண்டாவது. ஏன், என்ன?"

"பென்சிலின் அவருக்கு ஆகாது. போன மாசம் போட்டு உயிர் போகத் தெரிஞ்சுது. கார்டுல இருக்கே..."

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, கட்டிலோரம் கிடந்த அட்டையை எடுத்து நீட்டினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்களே பாருங்க. நான் கேட்டேன். ஏதாவது மருந்து ஒத்துக்காதான்னு கேட்டேன்."

அட்டையில் பெயர் இருந்தது. வயது இருந்தது, போன் நம்பர் இருந்தது. 'ஒத்துக்கொள்ளாத மருந்து' என்பதும் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல், வேறொன்றும் இல்லை.

"எல்லாம் கார்டுல இருக்குன்னு நான்தான் சொன்னேன்" என்றான் சின்னவன். "இதுல ஒண்ணும் எழுதலையேன்னு இவங்க கேட்டாங்க. அப்ப ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்னேன். எங்க அண்ணி எல்லாத்தையும் சரியா செய்வாங்கன்னு வேற சொன்னேன்."

"பெரியவர் எடுத்துக் காட்டத்தான் செஞ்சாரு" என்றாள் நர்ஸ், மெதுவாக. "உள்ள வந்ததும் பையிலருந்து எடுத்து நீட்டினாரு. அந்த இடத்துல விரலை வச்சு வச்சுத் தேய்ச்சாரு. நான் பேரைக் குறிச்சுட்டு இருந்தேன், கவனிக்கல. வாங்கிப் பார்க்குறப்ப..."

அவள் மாமாவின் இடக்கையைப் பார்த்தாள். கட்டைவிரல் கறுத்திருந்தது. ரேகைகளுக்குள்ளெல்லாம் பொடி இறங்கியிருந்தது. பாருங்கள், இதைப் பாருங்கள் என்று அவர் ஒவ்வொரு முறை சுட்டிக்காட்டியபோதும், சுட்டிக்காட்டிய சொல்லே அவர் விரலோடு போயிருக்கிறது. கடைசியில் வெற்று அட்டையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் தெரிந்த பிறகுதான் ஊசியைத் தட்டி விட்டிருக்கிறார். பயந்த கிழவன் என்று எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

மாமா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

டாக்டர் வந்தார். வேறு மருந்து எழுதினார். நகத்தை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். அவ்வளவு நேரமும் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "இவருக்குப் பென்சிலின் ஆகாது" என்று சொன்னாள். தரை துடைக்க வந்த அம்மாளிடமும் சொன்னாள். "சரிம்மா, நான் ஊசி போடமாட்டேன்" என்று அந்த அம்மாள் சொல்ல, நர்ஸ் சிரித்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே வராந்தாவில் சக்கர நாற்காலிக்காகக் காத்திருந்தார்கள். மாமா பெஞ்சில் நடுவே உட்கார்ந்திருந்தார், இரு பக்கமும் அவர்கள் இருவரும். சின்னவனின் போன் அடித்தது. எடுக்காமல் அணைத்துப் பைக்குள் போட்டான். அவன் அப்படிச் செய்து அவள் பார்த்ததே இல்லை.

"போன மாசம்னு சொன்னீங்களே அண்ணி" என்றான், தரையைப் பார்த்தபடி. "அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டாக்டருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். நான் அவர் தோளை அமுக்கிப் பிடிச்சிட்டு இருந்தேன் அண்ணி. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நல்லாவே அமுக்கியிருப்பேன்."

பிரிண்டரைப் பற்றிச் சொல்லலாம். சூடு போதவில்லை, போனிலிருந்து அனுப்பினேன், கணினி மக்கர் பண்ணியது என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான். நேற்று மாலை அவன் வாசலில் நின்றபோது, ஒரே ஒரு சொல்லை வாயால் சொல்வதற்குப் பதிலாகத் தான் எழுந்து மேசைக்குப் போனது அவள் நினைவுக்கு வந்தது. அப்போது அவள் பயந்தது இவன் வாய்க்கு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

வராந்தாவின் கடைசியில் சக்கர நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் மாமாவும் எதற்கோ வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.