வலது கால் செருப்பு

டிக்கோயா இறக்கத்தில், வாடகை வேன் ஓட்டும் கிளைவின் வண்டியில் அடிபட்டு யோகேஸ்வரனின் வலது கால் முறிந்து மூன்று வாரமாகிறது. காலைவிட மனசுதான் அதிகமாகக் குடைந்தது.

சைக்கிளின் பிரேக் கட்டை தேய்ந்து எட்டு மாதம். "மாத்துங்க, மாத்துங்க" என்று மனைவி பூரணி தொண்டை வற்றக் கத்தினாள். கேட்டானா? இறக்கம் வந்தால் வலது செருப்பைப் பின் டயரில் அழுத்தி நிறுத்துவான். பெரிய சாமர்த்தியம்! அன்று மழை. செருப்பு வழுக்கிக் கழன்று பறந்தது. ரோட்டு முடக்கில் மெதுவாகத் திரும்பிய வேனில் போய் விழுந்தவன் இவன்தான்.

ஆனால் தோட்டத் தலைவர் பழனியாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்தபோது, "வேன் வேகமா வந்துருச்சிங்க" என்று வாய் முந்திக்கொண்டது. மூன்று மாதம் தேயிலைப் பெக்டரி வேலைக்குப் போக முடியாது. பூரணி ஒருத்தி கொழுந்து பறித்து எத்தனை வயிறு நிறையும்?

கிளைவ் ஒரு சொல் மறுக்கவில்லை. "நான் கவனிக்கல போல" என்றான். கிளினிக்குக்குக் காசு வாங்காமல் ஏற்றிப்போனான். அந்த வேனில் உட்காரும்போதெல்லாம் யோகேஸ்வரனுக்கு முள்ளின்மேல் இருப்பதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் நஷ்டஈடு பேசினார்கள். சர்ச்சில் பூசை முடிந்த கையோடு வந்த கிளைவ், வேன் புத்தகத்தை ஈடு வைத்து வாங்கிய பணத்தைத் தலைவர் முன் வைத்தான். தலைவர் சூடம் ஏற்றினார்.

"நஷ்டஈடு கேக்குறவன் சூடத்துல அடிச்சு சத்தியம் பண்ணணும். அதான் வழக்கம்."

"வேணாங்க தலைவரே. அண்ணன் சொன்னாப் போதும்" என்ற கிளைவ், பையிலிருந்து ஒரு செருப்பை எடுத்தான். "ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள கெடந்துச்சுண்ணே. கழுவிக் கொண்டாந்திருக்கேன்."

குதிகால் அடியில் டயர் அகலத்துக்குப் பள்ளம். பூரணி சட்டென்று அதை வாங்கி முந்தானைக்குள் மறைத்தாள். யோகேஸ்வரனுக்கு உடம்பே கூசியது. என் பொய்க்கு இவளையும் கூட்டுச் சேர்த்துவிட்டேனே!

கை நீட்டி அவளிடமிருந்து செருப்பை வாங்கினான். பணத்தின்மேல் கவிழ்த்து வைத்தான்.

"என் சைக்கிளுக்குப் பிரேக்கு இதாங்க தலைவரே. அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்லீங்க."

பூரணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கிளைவ் செருப்பை நகர்த்திப் பணத்தை எடுத்துக்கொண்டான். வேன் கதவைத் திறந்தவன், திரும்பிப் பார்க்காமலே கேட்டான்:

"புதன்கிழம கிளினிக்கு எட்டு மணிக்குத்தான?"

அண்ணே என்று சொல்லவில்லை.