கொல்லை மணலில் மலேசியா

கடலூர் முதுநகரில் அப்துல் ஹக்கின் வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து சர்புன்னிசா வாசலைத் தனியாகத் தாண்டியதில்லை. அதற்கு முன்பு அவள் தைப்பிங் நகரத்தில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள். மலாயாவில் பேராக் மாநிலத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே ஒரு தமிழ்ப் பள்ளியில் டீச்சரானவள்.

"நம்ம ஊரைப் பாத்துட்டு வருவோம்மா" என்று சொல்லித்தான் அவளுடைய வாப்பா கப்பலில் அழைத்துவந்தார். வந்த இடத்தில் பெண் கேட்டார்கள். அப்துல் ஹக்கின் இளைய மகன் முஹம்மது யூசுபுக்கும் அவளுக்கும் நிக்காஹ் நடந்தது. வாப்பா மட்டும் திரும்பிப் போனார். "கொஞ்ச நாள் கழிச்சு மாப்பிள்ளையோட வந்து உம்மாவைப் பாரு" என்றார். அந்தக் கொஞ்ச நாள் வரவேயில்லை. மறுவருஷம் வாப்பா மவுத்தான சேதிதான் தந்தியில் வந்தது.

போகவேண்டும் என்று அவள் அழுதாள். மாமனார் அப்துல் ஹக் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசினார்.

"போயி என்னம்மா பண்ணப் போறே? அடக்கம் எல்லாம் முடிஞ்சிருக்கும். இங்கயே யாசீன் ஓது. அவருக்குப் போய்ச் சேரும்."

அவளுடைய பாஸ்போர்ட் முன்கட்டில் இருந்த இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. சாவி அவருடைய பச்சை பெல்ட்டில் இருந்தது. அவர் கெட்டவர் அல்ல. துறைமுகத்துப் பக்கம் கயிறு மண்டி வைத்திருந்தார். பெருநாளைக்கு மருமகளுக்குத் தானே போய்ச் சேலை எடுத்துவருவார். அவளுக்குத் தலைவலி என்றால் டாக்டரை வீட்டுக்கே கூப்பிடுவார். ஆனால் பாஸ்போர்ட் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவார். யூசுபிடம் கேட்டால், "வாப்பா மனசு மாறட்டும், பொறுத்துக்க" என்பான். அவன் நல்லவன். அப்பாவின் முகத்தைப் பார்த்தால் மட்டும் அவனுக்கு நாக்கு எழாது.

மாமியார் இல்லாத வீடு. ஆண்கள் இருவரும் மண்டிக்குப் போனபின் பகல் முழுவதும் அவளும் சுவர்க் கடிகாரமும்தான். தைப்பிங்கில் தினமும் சாயங்காலம் மழை பெய்யும். இங்கே வெயில் கொல்லைச் சுவரில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் கோடையில் பக்கத்து வீட்டு சலீமா பீவி கொல்லைக் கதவைத் தட்டினாள். அவள் புருஷன் ஹிதாயத்துல்லா மலேசியாவில் ஈப்போ நகரத்தில் கடை வைத்திருந்தான். குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டது. சபுரா, ரஹ்மத்து என்ற தன் இரண்டு பெண்களையும் முன்னால் தள்ளிவிட்டு சலீமா சொன்னாள்:

"அந்த ஊரைப் பத்தி இதுங்களுக்கு ஒண்ணுமே தெரியாது சர்பு. பள்ளிக்கூடத்துல சேத்தா எல்லாரும் சிரிப்பாங்களாம். அவுங்க எழுதியிருக்காங்க. நீ டீச்சராச்சே, கொஞ்சம் சொல்லிக் குடேன்."

சர்புன்னிசா பிள்ளைகளைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். கடைசியாக அவளை யார் டீச்சர் என்று சொன்னார்கள் என்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் பாடம் தொடங்கியது. புத்தகம் கிடையாது, வரைபடம் கிடையாது. முதுநகரில் மணலுக்கா பஞ்சம்? கொல்லையில் கிணற்றடி ஈரமணலை அள்ளி, முழங்கை நீளத்துக்கு ஒரு நிலத்தைச் செய்தாள்.

"இதுதான் மலேசியாவோட மேற்குப் பக்கம். மேல தாய்லாந்து ஒட்டிக்கிட்டு இருக்கு. கீழ சிங்கப்பூர். நடுவுல முதுகெலும்பு மாதிரி மலை."

சபுராவுக்குப் பன்னிரண்டு வயது. எதையும் மனப்பாடம் செய்துவிடுவாள். பெர்லிஸ், கெடா, பினாங்கு, பேராக் என்று வடக்கிலிருந்து அவள் ஒப்பிக்கும்போது சர்புன்னிசாவுக்கு ரயிலில் போவது போல இருக்கும். சிறியவள் ரஹ்மத்து அப்படி இல்லை. சர்புன்னிசாவை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிட்டு, கேள்வி கேட்டே ஆளைக் களைப்பாக்குவாள்.

"லாத்தா, அங்க ஏன் தனியா ஒரு மணல் குவிச்சு வச்சிருக்கீங்க?"

"அதுவும் மலேசியாதான். சபா, சரவாக். நடுவுல கடல்."

"நடுவுல கடல் இருந்தாலும் ஒரே நாடா?"

"ஒரே நாடுதான். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி சேந்துக்கிட்டாங்க. சிங்கப்பூரும் அப்ப கூட இருந்துச்சு. ரெண்டே வருஷத்துல தனியாப் போயிடுச்சு."

"அதுவா போச்சா, இவுங்க அனுப்பிட்டாங்களா?"

சர்புன்னிசா சிரித்துவிட்டாள். "ரெண்டு விதமாவும் சொல்றாங்க. நீ பெரியவளாகி நீயே படிச்சுத் தெரிஞ்சுக்க."

சரித்திரம் சொல்லும்போது பாடம் இன்னும் சுலபமாக இருந்தது. மலாக்காவைப் பிடிக்க வந்த பறங்கிக்காரன்தான் பக்கத்திலிருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் வந்தான், அவனுக்குப் பின்னால் வந்த டச்சுக்காரனும் வெள்ளைக்காரனும் இந்தக் கடலூரிலும் கோட்டை கட்டி உட்கார்ந்தவர்கள்தான் என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு அந்த நாடு பக்கத்துத் தெருபோல ஆகிவிட்டது. தைப்பிங் என்றால் சீன மொழியில் பெரிய அமைதி என்று அர்த்தம், ஈயச் சுரங்கத்துக்காகச் சீனர்கள் இரண்டு கட்சியாக வெட்டிக்கொண்டு, அது ஓய்ந்தபின் வைத்த பேர் என்றாள். அதைச் சொன்ன அன்று ராத்திரி சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. அந்த ஊரின் ஏரிக்கரையில், தண்ணீரைத் தொடுகிற மாதிரி சாய்ந்த பெரிய மரங்களுக்குக் கீழே, வாப்பா அவளுக்குச் சைக்கிள் பழக்கியிருந்தார்.

யூசுப் கவனித்தான். "என்ன, பசியில்லியா?"

"பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்னேன். பேசிப்பேசி வயிறு நெறஞ்சுபோச்சு" என்றாள். அவன் அதை நம்பினான்.

ஆட்சியைப் பற்றிய பாடம் நடந்த அன்றைக்குத்தான் எல்லாம் கலைந்தது.

"அங்க ஒம்பது மாநிலத்துக்கு ஒம்பது அரச குடும்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். "அந்த ஒம்பது பேரும் கூடி, தங்களுக்குள்ள ஒருத்தரை நாட்டுக்கே மன்னராத் தேர்ந்தெடுப்பாங்க. அஞ்சு வருஷம்தான். அப்புறம் வேற ஒருத்தர். சட்டம் போடறது பார்லிமென்ட். ஜனங்க ஓட்டுப் போட்டு ஆளுங்களை அனுப்புவாங்க."

"அஞ்சு வருஷம் முடிஞ்சா அந்த ராஜா என்ன பண்ணுவாரு?" என்றாள் ரஹ்மத்து.

"தன்னோட மாநிலத்துக்கே திரும்பிப் போயிடுவாரு."

"ராஜாவையே வீட்டுக்கு அனுப்பறாங்களா? அப்ப உங்களை மட்டும் ஏன் லாத்தா வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்கறாங்க?"

கிணற்றடியில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. அன்று மண்டியிலிருந்து மதியமே திரும்பி, லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒலூ செய்ய வந்த அப்துல் ஹக் நின்றிருந்தார். அவர் எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. அவர் பிள்ளைகளைத் திட்டவில்லை. மணலில் கிடந்த நாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படிச்சது போதும். வீட்டுக்குப் போங்க" என்றார்.

அன்று சாயங்காலம் சர்புன்னிசா முதல்முறையாக அவர் எதிரே போய் நின்றாள்.

"மாமா, என் பாஸ்போர்ட்டைக் குடுங்க. உம்மாவைப் பாக்கணும். சலீமா லாத்தா போற கப்பல்லயே போயிட்டு வரேன்."

அவர் இந்தத் தடவை எழுந்து போகவில்லை.

"என் மூத்தவனும் போயிட்டு வரேன்னுதான் போனான்" என்றார். "பினாங்குல இருக்கான். அவன் உம்மா மவுத்துக்கே வரல. அங்க வேற குடும்பமாம். அவன் பொண்டாட்டி இங்க எத்தினி வருஷம் காத்துக்கெடந்துட்டுப் பொறந்த வீட்டுக்குப் போனா தெரியுமா? இந்தத் தெருவுல கேட்டுப் பாரு, வீட்டுக்கு ஒரு கதை. அந்த ஊருக்குப் போனவன் எவன் திரும்புனான்?"

"நான் புதுசா எங்கயும் போகல மாமா. அது நான் பொறந்த ஊரு."

"இனிமே இதுதான் உன் ஊரு" என்றார் அவர். குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள்.

பாடம் நின்றது. கொல்லைக் கதவுக்குப் பூட்டு வந்தது. அடுத்த வீட்டில் பெட்டி கட்டும் சத்தமும், சபுரா மாநிலங்களை உரக்க ஒப்பிப்பதும் சுவருக்கு மேலாகக் கேட்டன. ஜொகூர் வந்ததும் அவள் திணறுவாள். இந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த சர்புன்னிசா வாய்க்குள்ளேயே எடுத்துக்கொடுப்பாள். அவளுக்குச் சத்தமாகச் சொல்லக்கூடத் தெம்பில்லை.

சலீமா குடும்பம் நாகப்பட்டினத்தில் கப்பலேறவேண்டும். புறப்படும் நாளன்று சலீமா நேராக அப்துல் ஹக்கிடமே வந்து கேட்டாள். "மாமா, ஸ்டேஷன் வரைக்கும் சர்புவை அனுப்புங்க. புள்ளைங்க அழுவுதுங்க." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு யூசுபைத் துணைக்கு அனுப்பினார்.

ஸ்டேஷனில் ஏகக் கூட்டம். சலீமாவும் நாகப்பட்டினம் வரைக்கும் துணைக்கு வந்த அவள் தம்பியும் சாமான்களை ஏற்றினார்கள். யூசுப் கூஜாவில் தண்ணீர் பிடிக்கப் போனான். பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவைக்க சர்புன்னிசா பெட்டிக்குள் ஏறினாள். ரஹ்மத்து அவள் கையை விடவில்லை. விசில் ஊதியது.

"எறங்கு சர்பு, வண்டி போகப் போவுது" என்றாள் சலீமா.

சர்புன்னிசா எழுந்தாள். கதவு வரைக்கும் போனாள். வெளியே பிளாட்பாரம், அதற்கு அப்பால் தெரு, தெருவின் கடைசியில் அந்த வீடு. அவளுக்குக் கால் இறங்க மறுத்தது. வண்டி நகர்ந்தது. கூஜாவோடு யூசுப் ஓடிவந்தான்.

"என்ன பண்றே? எறங்கு! எறங்குன்னு சொல்றேன்ல!"

"சிதம்பரம் வரைக்கும்தான் போறேன்" என்று கத்தினாள் அவள். "அமீனா மாமி வீட்டுல இருப்பேன். பாஸ்போர்ட்டோட வாங்க. இல்லாட்டி வராதீங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. சலீமா தலையில் அடித்துக்கொண்டாள். "என்னால வந்த வினை! மாமா என்னைக் கொன்னுபோடுவாரு!" அவள் தம்பி டிக்கெட் பரிசோதகரிடம் போய் ஏதோ சமாதானம் பேசினான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை எல்லாம் போயின. வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி தடதடத்தது. கிள்ளையில் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கையில் துணிமணி இல்லை, பாஸ்போர்ட் இல்லை. இதே வண்டியில் நாகப்பட்டினம் வரை போனாலும் கடற்கரையில் நிற்பதைத் தவிர ஒன்றும் செய்யமுடியாது. வீட்டைவிட்டு வந்தும் அடைபட்ட உணர்வு போகவில்லை.

சிதம்பரத்தில் இறங்கினாள். ரஹ்மத்து ஜன்னல் வழியாக, "நாங்க போயி உங்க உம்மாவைப் பாக்கறோம் லாத்தா" என்றாள். சர்புன்னிசா தலையை ஆட்டினாள்.

அமீனா பீவி அவளுடைய வாப்பாவின் தங்கை முறை. பள்ளிவாசல் தெருவில் இரண்டே அறை உள்ள வீடு. சேதி கேட்டதும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி இப்படிப் பண்ணிட்டே? வாழாவெட்டின்னு ஊரே பேசுமே!"

"பேசட்டும் மாமி. எனக்குப் பேச்சுச் சத்தம் கேட்டே ரொம்ப நாளாச்சு."

அமீனா பீவி அதற்கு மேல் எதுவும் கேட்காமல் உலை வைத்தாள்.

யூசுப் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தலாக் சொல்லி அனுப்பிவிடுவார்களோ என்று அமீனா பீவி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்புன்னிசா பாத்திரம் தேய்த்தாள், துணி மடித்தாள், மடித்ததையே மறுபடி மடித்தாள். யூசுபை அவளுக்குப் பிடிக்கும். அந்த வீட்டைத்தான் தாங்கமுடியவில்லை. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒருநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கியது அப்துல் ஹக். யூசுப் நாலடி பின்னால் வந்தான். அமீனா பீவி பாய் விரித்தாள். அவர் உட்கார்ந்து, சட்டைக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பாயில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"இவன் மூணு நாளா எங்கூடச் சாப்புடல" என்று யூசுபைக் காட்டினார். "என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசாதவன், 'அவளையும் அண்ணன் பொண்டாட்டி மாதிரி வீட்டை விட்டுப் போக வச்சுட்டீங்க வாப்பா'ன்னு கேட்டுட்டான்."

யூசுப் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார் அவர். "போனா திரும்பி வருவியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அமீனா பீவி பின்னாலிருந்து அவள் முதுகை இடித்தாள். சர்புன்னிசா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியல மாமா" என்றாள். "இவுங்களை விட்டுட்டு இருக்கமுடியும்னு தோணல. ஆனா அந்த வீட்டுல பழையபடி இருக்கவும் என்னால முடியாது. பொய் சொல்லி வாங்கிட்டுப் போகவும் மனசு வரல."

அமீனா பீவி கொண்டுவந்து வைத்திருந்த தேநீர் ஆறிப்போனது. அப்துல் ஹக்கின் கண்கள் சிவந்திருந்தன. மூத்த மகன் போகும்போது, திரும்பி வருவேன் என்று அவரிடம் சிரித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனவன். கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"எடுத்து உள்ள வை" என்றார். "கடுதாசி மட்டும் போடு. அது போதும்."

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மகனுக்காகக் காத்திராமல் தெருவில் இறங்கி நடந்தார்.

தைப்பிங்கில் உம்மாவோடு இருந்த அவளுடைய தம்பி ஏற்பாடு செய்து, மழைக்காலத்துக்கு முன்னால் அவளுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. அதுவரை சிதம்பரத்திலேயே இருந்தாள். யூசுப் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்து வந்துபோனான். நாகப்பட்டினத்துக்கு அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். கப்பல் தூரத்தில் நின்றது. படகில்தான் போய் ஏறவேண்டும். "தை மாசம் நான் வந்து பாக்கறேன், வாப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றான். சொல்லும்போது அவன் குரல் தடுமாறவில்லை.

படகு அலையில் தூக்கிப் போட்டது. அவள் முழுக்க நனைந்து, இரண்டு தடவை வாந்தி எடுத்து, கயிற்றைப் பிடித்துக் கப்பலில் ஏறினாள். பெண்கள் பகுதியில் ஒரு மூலையில் பாயை விரித்துப் படுத்தாள். சாப்பாட்டு மணி அடித்தது, நங்கூரம் தூக்கிய சத்தம் கேட்டது. அவள் எதற்கும் எழுந்திருக்காமல் மறுநாள் மதியம்வரை தூங்கினாள்.