பல் வேண்டாத எழுத்து

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. அதைக் கெடுத்தவள் எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் சுலோசனா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

ஓரெழுத்துச் சொற்களில் ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டிருந்தார். ‘ஆ’வை எடுத்துக்கொண்டேன். ஆவடிக்குப் பக்கத்தில், திருமுல்லைவாயிலில் இருந்துகொண்டு வேறு எதை எடுக்க? ஆவடி என்றால் மாடுகள் திரிந்த இடம் என்பார்கள் சிலர். இல்லை, ராணுவக்காரர்கள் வைத்த நீளமான இங்கிலீஷ் பெயரின் சுருக்கம் என்பார்கள் சிலர். எங்கள் தெரு டீக்கடையில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நான் திரட்டியவற்றைச் சொல்கிறேன். பழந்தமிழில் ஆ என்றால் பசு. வலித்தாலும் ஆ, வியந்தாலும் ஆ. சொல்லின் வாலில் ஒட்டினால் கேள்வி. வந்தான் என்பது வந்தானா ஆகிவிடும். தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றிலும் ஆ என்றால் ‘அந்த’. இந்தியில் ஆ என்றால் ‘வா’, அதுவும் உரிமையுள்ளவரை மட்டும் கூப்பிடுகிற வா. சமஸ்கிருதத்தில் முன்னால் வந்து சேர்ந்தால் போவதைத் திருப்பிவிடும். கமனம் போவது, ஆகமனம் வருவது. சீனத்தில் வாக்கியத்தின் கடைசியில் நின்று பேச்சைக் கொஞ்சம் இளக்கிக் கொடுக்கும். ஸ்வீடன்காரர்களுக்கு ஆ என்றால் தண்ணீர் ஓடுகிற ஆறு [இதை அடித்துவிட்டேன். எழுத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன், அவர்கள் சொல்லும்போது அது ஓ-வுக்குப் பக்கத்தில் போய்விடுகிறதாம். நல்ல உதாரணம் கை நழுவியதில் எனக்கு வருத்தம்தான்.]

2

கட்டுரைக்கு நடுவில் ஒரு சின்னக் காட்சி வைத்தால் வாசகர் கொட்டாவி விடமாட்டார் என்று நினைத்தேன். (கொட்டாவியும் ஆ-தான். அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

சுலோசனா நாற்பதைத் தாண்டியவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. சுற்றிலும் இருக்கிற தையல் யூனிட்டுகளிலும் பட்டறைகளிலும் வேலை பார்க்கிற பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பிகார், ஒடிசா, ஆந்திரா, நம்ம திண்டிவனம் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பாயில் கிடக்கும். நான் எழுதிய காட்சி இது:

“சுலோசனா கரண்டியை நீட்டி ‘ஆ’ என்றாள். தமிழ்க் குழந்தை வாயைத் திறந்தது. இந்திக் குழந்தை எழுந்து அவளிடம் வந்தது. தெலுங்குக் குழந்தை ‘அந்த’ என்றால் எந்த என்று திரும்பிப் பார்த்தது. சீனக் குழந்தை”

சீனக் குழந்தைக்கு எஸ்டேட்டில் என்ன வேலை என்று தோன்றவே அங்கே நிறுத்தினேன். அதுவரை எழுதியதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து சுலோசனாவுக்குப் படித்துக் காட்டினேன். முகக்கவசத்துக்குள் சிரித்தாள்.

“இன்னா சார், இப்டி கத உடறீங்க. எந்த ஊரு கொயந்தையா இருந்தா இன்னா? கரண்டிய காமிச்சி ஆ-ன்னா வாய தொறக்கும். அதுக்கு பாஷ ஏது?”

“எல்லாக் குழந்தையுமா?”

“அல்லாந்தான்.” கொஞ்சம் யோசித்தாள். “ஒண்ணே ஒண்ணு தொறக்கல.”

என் கட்டுரை அந்த இடத்தில் படுத்துவிட்டது.

3

எங்கே தொடங்குவது? ‘காலைச் சங்கு ஊதியதும் எஸ்டேட்’ என்று ஆரம்பித்தேன். சினிமா மாதிரி இருந்தது. ‘ஒரு குழந்தை வாயைத் திறக்க மறுத்தால்’ என்று மாற்றினேன். டாக்டர் கேள்வி பதில் மாதிரி ஆகிவிட்டது. நேரே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குழந்தையின் பெயர் ரிமில். அவர்களுடைய சந்தாலி மொழியில் மேகம் என்று அர்த்தமாம். ஒன்றரை வயசுப் பெண். அவளுடைய அம்மா பூல்மணி ஜார்க்கண்டிலிருந்து வந்து, பட்டாபிராமில் ஓர் அறை பிடித்து, எஸ்டேட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

காப்பகத்தில் விட்ட நாளிலிருந்து யார் தூக்கினாலும் ரிமில் கூரை அதிரக் கத்தினாள். சமையல் செய்கிற வேம்புலியம்மாள் தூக்கிப் பார்த்தாள், பொறுப்பாளர் சௌம்யா மேடம் தூக்கிப் பார்த்தார். சுலோசனாவின் மடியில் மட்டும் சத்தம் நின்றது. சத்தம் நின்றதே தவிர வாய் திறக்கவில்லை. பருப்பு சாதம், இட்லி, பாலில் ஊறிய பிஸ்கட், எதைக் கொண்டுபோனாலும் உதடு இறுகிக்கொள்ளும். கண் சுலோசனாவின் முகத்தை விட்டு நகராது. கை மட்டும் அவளுடைய முகக்கவசத்தைப் பிடித்து இழுக்கும். சுலோசனா அந்தக் கையை விலக்கிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடியும் ‘ஆ’ என்பாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மா கையால் தின்றுவிடுவாள். ஆனால் பகல் முழுக்கப் பட்டினி. புதன்கிழமை மத்தியானம் துவண்டு படுத்துவிட்டாள்.

[சௌம்யா மேடத்தைக் கொஞ்சம் கெட்டவராக எழுதினால் எனக்கு வசதி. அவர் அப்படி இல்லை. தன் டிபன் பாக்ஸிலிருந்து தயிர் சாதம் எடுத்து ரிமிலுக்கு ஊட்டப் பார்த்தவர் அவர். அவர் பயந்துதான் போனார்.]

“பட்டினி கெடக்கிற குழந்தைக்கு நான் எப்படிப் பொறுப்பு ஏத்துக்கறது சுலோசனா? இந்த வாரம் பார்ப்போம். சாப்பிடலைன்னா திங்கட்கிழமைலேருந்து கூட்டிட்டு வரவேணாம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு.”

பிள்ளையைக் கூட்டி வர முடியாவிட்டால் பூல்மணிக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் ரயிலேறி ஊருக்குப் போக வேண்டியதுதான். சுலோசனா இதைப் பூல்மணியிடம் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் வந்து கேட்டபோது, பாதி இந்தியும் பாதி தமிழுமாக, “தோடா கம் சாப்ட்டா”, கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டாள் என்று பொய் சொல்லிவிட்டாள்.

சந்தாலியில் ‘ஆ’ என்றால் என்னவென்று தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்: ................

4

முகக்கவசத்தைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

சுலோசனாவுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு கிடையாது. அவை போன அன்று

[இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. “பல்லு போனத எய்திக்கோங்க சார், எப்டி போச்சின்றத எய்தாதீங்க” என்று சொல்லியிருக்கிறாள். நான் விதவிதமாகக் கற்பனை செய்து எழுதி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். நீங்களும் கற்பனை செய்ய வேண்டாம்.]

அதற்குப் பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசப் பழகினாள். கழற்றி மாட்டுகிற பல் வாங்கிப் பார்த்தாள். “தா-ன்னு சொன்னா தட்டுல வுயுது சார்” என்று அதை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். பிறகு கொரோனா வந்தது. ஊர் மொத்தமும் முகத்தை மூடிக்கொண்டது.

“அல்லாரும் பயந்துகினு கெடந்தாங்க. சொன்னா தப்பா நெனச்சிக்குவீங்க சார். நான் அப்பதான் நல்லா சிரிச்சேன்.”

ஊர் கழற்றிவிட்டது, அவள் கழற்றவில்லை. ஷேர் ஆட்டோவில், கோயிலில், காப்பகத்தில், எங்கள் மாடிப்படியில், எங்கே பார்த்தாலும் அந்த நீலத் துணி. கேட்டவர்களுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி வைத்திருந்தாள். மற்றப் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது, குரலையும் கரண்டியையும் பார்த்தே வாயைத் திறந்துவிடும். அவளுடைய வாயை நானே பார்த்ததில்லை. இந்தக் கதையில் அவள் சிரிக்கிற இடமெல்லாம் கண்ணை வைத்து நான் ஊகித்தவை.

5

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சுலோசனா பூல்மணிக்குச் சொல்லி அனுப்பினாள். யூனிட் சூப்பர்வைசர் அன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று விட்டார்.

பூல்மணி வந்தாள், கை கழுவினாள், சோற்றைப் பிசைந்து உருட்டினாள். சுலோசனா பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். பூல்மணி ஏதாவது ஒரு வார்த்தை சொல்லி ஊட்டுவாள், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். [நானும்தான். இங்கே அருமையான சந்தாலிச் சொல் ஒன்று வரும், கதை முடிந்துவிடும் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.]

பூல்மணி ஒன்றும் சொல்லவில்லை. உருண்டையைக் குழந்தையிடம் கொண்டுபோனாள். கொண்டுபோகும்போது அவளுடைய வாய் தானாகத் திறந்தது. ஊட்டுகிற யாருக்கும் திறக்கும், தனக்குத் தெரியாமலே திறக்கும். ரிமில் அந்த வாயைப் பார்த்தாள். தன் வாயைத் திறந்தாள்.

சுலோசனா தன் முகக்கவசத்தைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை நாளும் துணிக்குள் தன் வாயும் இப்படித்தானே திறந்து திறந்து மூடியிருக்கும் என்று நினைத்தாள். குழந்தை அதைத்தான் தேடியிருக்கிறது. துணியை இழுத்த கையைத் தட்டிவிட்டவள் அவள்தான்.

“நைட்டெல்லாம் தூக்கம் வர்ல சார். அந்தக் கொயந்த என்னாண்ட கேட்டுகினே இருந்திச்சி, எனக்கு வெளங்கல” என்றாள் என்னிடம்.

6

வெள்ளிக்கிழமை நடந்ததற்கு நான் முதலில் எழுதிய வரைவு பிரமாதமாக இருந்தது. சுலோசனா கூடத்தின் நடுவில் நின்று முகக்கவசத்தைக் கழற்றி எறிந்தாள். வேம்புலியம்மாள் கண்கலங்கினாள். சௌம்யா மேடம் கைதட்டினார். படித்துக் காட்டினேன்.

“நானா? எறிஞ்சனா?”

“கதைக்காக.”

“கதைக்கி நீங்க எறிங்க. நான் செவுத்த பாத்துகினு குந்திக்கினேன்.”

அதுதான் நடந்தது. கூடத்தின் மூலைக்குப் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மடியில் ரிமில், பக்கத்தில் பருப்பு சாதக் கிண்ணம். பின்னால் பெரிய பிள்ளைகள் ரகளை செய்துகொண்டிருந்தன. காதோரத்து நாடாவுக்குப் போன கை அங்கேயே நின்றுவிட்டது. ஒன்றரை வயசுக் குழந்தை என்ன நினைக்கப்போகிறது என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். அப்படியும் கை வரவில்லை.

“பயம் இல்ல சார். வெக்கம். பாத்துட்டு அது அயுதுட்டா, அப்பறம் நான் எங்க போய் மூஞ்சிய வெச்சிக்கறது?”

கடைசியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கழற்றினாள்.

அழுகைச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். ரிமில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுட்டுவிரலை நீட்டி, பற்கள் இல்லாத அந்த இடைவெளிக்குள் விட்டாள். சுலோசனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயை மூடாமல் கரண்டியைத் தூக்கி, “ஆ” என்றாள்.

[குறிப்பு: ‘தா’வுக்குப் பல் வேண்டும். ‘பா’வுக்கு உதடு வேண்டும். ‘கா’வுக்கு அடிநாக்கு வேண்டும். ‘ஆ’ பிறப்பதற்கு வாயைத் திறந்தால் போதும் என்று நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். இந்தச் சொல் எங்கே பிறந்தது என்று மொழி மொழியாகத் தேடியபோது அதையும் படித்தேன், படித்துவிட்டுத் தாண்டிப் போனேன். பல் முளைக்கிற வாய்க்கும் பல் போன வாய்க்கும் அது ஒரே மாதிரி வரும்.]

ரிமில் வாயைத் திறந்தாள். சோறு உள்ளே போனது. மென்று முடிப்பதற்குள் மறுபடியும் திறந்தாள். சுலோசனா அழுதுகொண்டே ஊட்டினாள், மற்றவர்களுக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது.

7

முடிவு என்று ஒன்று வேண்டுமே. எழுதிப் பார்த்தவற்றில் ஒன்றில் சுலோசனா அன்றோடு முகக்கவசத்தை விட்டொழிக்கிறாள். பத்திரிகைக்காரருக்கு அது பிடிக்கும். இன்னொன்றில் பூல்மணி வேறு ஏதோ காரணத்தால் ஊருக்குப் போய்விடுகிறாள், சுலோசனா வெறும் மடியோடு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். எழுத்து நன்றாக வந்திருந்தது. ஆனாலும் இந்தப் பெண்களுக்கு இப்படிச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை பூல்மணி வழக்கம்போலக் குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். மத்தியானம் சௌம்யா மேடம் வந்து காலிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். வேலை போகவிருந்தது பூல்மணிக்கு இன்றுவரை தெரியாது. சுலோசனா ஷேர் ஆட்டோவில் இப்போதும் நீலத் துணியோடுதான் போகிறாள், வருகிறாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கழற்றிக்கொள்கிறாள்.

அதில் ஒரு தொல்லை. மற்றப் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிட்டன.

“செவுத்துக்கும் எனக்கும் நடுவுல இன்னா எடம் கீது சார்? அத்தினியும் அங்கியே பூந்து குந்திகினு வாய தொறந்துகினு கீதுங்க. அந்த திண்டிவனத்து புள்ள என் பல்ல எண்ணிகினு கீது.”

“அப்ப இந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்துடலாமே?” என்று கேட்டேன். இது எழுதுகிறவன் கேட்ட கேள்வி. மேல் வீட்டுக்காரன் கேட்டிருக்க மாட்டான்.

அவள் முகக்கவசத்தின் நாடாவை ஒரு தரம் சரிசெய்துகொண்டு, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று இறங்கிப் போனாள்.

அவளைத் திருப்பி உட்கார வைக்க எனக்கு ஒரு வரி போதும். அந்த வரியை எழுத மாட்டேன். திரும்புவதும் திரும்பாததும் அவள் பாடு. முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் ஒரு மத்தியானம் எஸ்டேட்டுக்குப் போங்கள். முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்காதீர்கள். பிள்ளைகளைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு, சுவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் உட்காருங்கள். எந்த ஊர், என்ன பாஷை என்று அவள் கேட்க மாட்டாள். கரண்டி வரும். வாயைத் திறங்கள்.